ஊர் நடுவே நிற்கும் பழைய தியேட்டரின் வரலாற்றை எழுதுவது எப்படி: கொங்கு நாட்டு ஊர்களுக்கான வழிகாட்டி

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, தாராபுரம், கோபிசெட்டிபாளையம், சேலம் என்று கொங்கு நாட்டில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், கடைவீதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய தியேட்டர் இருக்கும். இல்லாவிட்டால் அது இருந்த இடமாவது இருக்கும். சில இடங்களில் அது ஜவுளிக்கடையாகிவிட்டது, சில இடங்களில் கல்யாண மண்டபமாகிவிட்டது, சில இடங்களில் பூட்டிய கம்பிக் கதவுக்குப் பின்னால் முள்செடி முளைத்துக் கிடக்கிறது. அப்படியும் பேருந்து நிறுத்தத்துக்கு அந்தப் பெயரே நிலைத்துவிடுவதுண்டு. அப்படி ஒரு தியேட்டர் எழுந்ததையும் நிரம்பியதையும் தளர்ந்ததையும் ஆதாரத்தோடு எழுதிவைக்க விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தனி ஆளாகவும் செய்யலாம், இரண்டு மூன்று பேர் சேர்ந்தும் செய்யலாம். பட்டப்படிப்போ பெரிய செலவோ தேவையில்லை, பொறுமை மட்டும் நிறையத் தேவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய தியேட்டர்களைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை, எந்த நடிகரின் எந்தப் படம் அங்கே எத்தனை நாள் ஓடியது என்ற பட்டியலோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பட்டியல் வேண்டியதுதான். ஆனால் ஒரே நடிகரின் படத்தைத் திரையிட்ட இரண்டு தியேட்டர்களில் ஒன்று ஏன் நிலைத்தது, மற்றொன்று ஏன் மூடியது என்பதற்கு அதில் பதில் கிடைக்காது. என் கணிப்பில், கொங்கு நாட்டுத் தியேட்டர்களின் வாழ்வும் தாழ்வும் ஊரின் கூலி, சந்தை, பேருந்துப் போக்குவரத்து, மனையின் மதிப்பு ஆகிய நான்கோடு கட்டுண்டவை. ஆகவே நீங்கள் திரட்டும் ஒவ்வொரு தாளையும் ஒவ்வொரு பேச்சையும் இந்த நான்கோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

முதலில் கட்டடத்தைப் பாருங்கள்

ஆவணங்கள் அலுவலக அலமாரியில் இன்னும் சில ஆண்டுகள் இருக்கும், கட்டடம் அப்படியில்லை. இடிப்பது என்று முடிவாகிவிட்டால் சில நாட்களிலேயே எல்லாம் முடிந்துவிடும். எனவே வேலையைக் கட்டடத்திலிருந்து தொடங்குங்கள். உரிமையாளரிடமோ குத்தகைக்காரரிடமோ முறையாக அனுமதி பெற்று, பகல் வெளிச்சத்தில், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு செல்லுங்கள். கைவிடப்பட்ட கூடங்களில் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு உடைந்து கிடக்கும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் நல்ல முகக்கவசம் அணியாமல் உள்ளே போக வேண்டாம், அந்தத் துண்டுகளைக் கையால் தொடவும் வேண்டாம்.

முகப்பை நேர் எதிரே நின்று படம் எடுங்கள். சிமெண்டில் புடைத்து நிற்கும் பெயர் எழுத்துகள், கட்டிய ஆண்டு பொறித்த கல், திறந்துவைத்தவரின் பெயர்ப்பலகை ஆகிய மூன்றையும் தனித்தனியாக, எழுத்து படிக்கும்படி எடுக்க வேண்டும். பிறகு டிக்கெட் கவுண்டர்கள். ஒரு கை மட்டும் நுழையும் அந்தச் சிறிய துளைகளின் மேலே தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று வகுப்பின் பெயர் எழுதிய தடம் சுண்ணாம்புக்கு அடியில் தெரியக்கூடும். பெண்களுக்கெனத் தனி வரிசை இருந்ததா, அது எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே திறந்தது, பால்கனிக்கு வேறு வாசலும் வேறு படிக்கட்டும் இருந்தனவா என்பதைக் கவனித்துக் கையாலேயே ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். ஊரில் யார் யாரோடு கலந்து உட்கார்ந்தார்கள், யார் கலக்கவில்லை என்பதை வேறெந்த ஆவணத்தையும் விட இந்த வாசல்கள் தெளிவாகச் சொல்லிவிடும்.

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் ஆபரேட்டர் அறை. கூடத்தைப் பார்த்த சுவரில் இருக்கும் துளைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் இரண்டு துளைகள் இருக்கும்: ஒன்று ஒளி போவதற்கு, மற்றொன்று ஆபரேட்டர் திரையைப் பார்ப்பதற்கு. நான்கு துளைகள் இருந்தால் இரண்டு இயந்திரங்களை மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். துளைகளின் மேல் இரும்புத் தகட்டுக் கதவு தொங்கிக்கொண்டிருந்தால் அது தீ விபத்துக்கான ஏற்பாடு. 1950-களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்த நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றிக்கொள்ளும் என்பதால், அறைக்குள் தீப்பிடித்தால் அந்தத் தகடு தானாக விழுந்து கூடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது விதி. அடுத்துக் கூரையைப் பாருங்கள். இயந்திரம் நின்ற இடத்துக்கு நேர் மேலே புகைபோக்கிக் குழாயின் ஓட்டை இருக்கும். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே மின்பொறி எரியவிட்டு அந்த வெளிச்சத்தில் படம் காட்டிய காலத்தின் தடம் அது. அந்தப் புகையை வெளியேற்றத்தான் குழாய். பின்னாளில் செனான் விளக்கு வந்த பிறகு குச்சியைத் திருகித் திருகி இடைவெளியைச் சரிசெய்யும் வேலை போயிற்று. தரையில் போல்ட் இறுக்கிய தடங்கள் இரண்டு அடுக்காக இருந்தால், ஒரு தலைமுறை இயந்திரத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்திருக்கிறார்கள். இயந்திரம் இன்னும் இருக்குமானால், அதன் மீதுள்ள உலோகத் தகட்டில் நிறுவனத்தின் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். அதைப் படம் எடுப்பதோடு நிற்காமல் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலையில் பிலிம் டப்பா கிடந்தால் அவசரப்பட்டுச் சுருளை இழுக்க வேண்டாம். வினிகர் நெடி அடித்தால் அசிடேட் பிலிம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். மிகப் பழைய சுருளாக இருந்து அது நைட்ரேட்டாக இருக்கலாம் என்ற ஐயம் வந்தால், வெயிலிலும் மூடிய காரிலும் வைக்காமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேட்டு நடப்பதே சரி.

கூடத்தில் இறங்கித் திரைமேடையைப் பாருங்கள். மேடையின் இரு பக்கச் சுவர்களும் உடைத்து அகலமாக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான 'ராஜராஜ சோழன்' 1973-ல் வெளிவந்தது. அதற்கு முன் கட்டிய தியேட்டர்கள் பல, திரையை அகலப்படுத்த மேடையையே மாற்ற வேண்டியிருந்தது. பழைய பூச்சும் புதிய பூச்சும் சேரும் கோடு சுவரில் தெரியும். உரிமையாளர் அந்தக் காலத்தில் கையில் பணம் வைத்திருந்தார், போட்டிக்கு ஈடுகொடுக்க முதலீடு செய்தார் என்பதற்கு அந்தக் கோடு ஒரு சான்று. பெயரோடு '70 எம்எம்' என்று சேர்த்துக்கொண்ட தியேட்டர்களிலும், 1990-களின் நடுவில் டிடிஎஸ் ஒலிக்காகச் சுவரெங்கும் பெட்டி மாட்டிய தியேட்டர்களிலும் இதே போன்ற தடங்களைக் காணலாம். எந்த மாற்றம் வரை செலவு செய்தார்கள், எதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால், தளர்ச்சி எப்போது தொடங்கியது என்பதற்கு முதல் துப்பு கிடைத்துவிடும்.

உரிமக் கோப்பைத் தேடும் வழி

தமிழ்நாட்டில் தியேட்டர் நடத்துவது 1955-ஆம் ஆண்டுத் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கும் 1957-ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டது. மாவட்டங்களில் உரிமம் வழங்குபவர் ஆட்சியர். உரிமக் கோப்பில் இருக்கை வரைபடம், பொதுப்பணித்துறைப் பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வாளரின் சான்று ஆகியவை இருக்கும். இருக்கை எண்ணிக்கை எப்போது கூடியது, எப்போது குறைந்தது, பெரிய கூடம் எப்போது இரண்டாகப் பிரிக்கப்பட்டது என்பனவற்றை இதிலிருந்து தேதியோடு பெற முடியும்.

இங்கே கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மாவட்டங்கள் பிரிந்துகொண்டே வந்ததால், கோப்பு இப்போதைய மாவட்டத் தலைநகரில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஈரோடு 1979-ல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. அப்போது அதன் பெயர் பெரியார் மாவட்டம். திருப்பூர் மாவட்டம் 2009-ல் உருவாயிற்று. ஆகவே தாராபுரத்திலோ காங்கயத்திலோ உள்ள ஒரு பழைய தியேட்டரைத் தேடுகிறவர் 1979-க்கு முந்தியதைக் கோயம்புத்தூரிலும், அதன் பிறகு 2009 வரையிலானதை ஈரோட்டிலும், பிந்தியதைத் திருப்பூரிலும் கேட்க வேண்டும். உடுமலைப்பேட்டைக்கு ஈரோடு தேவையில்லை. அது கோயம்புத்தூரிலிருந்து நேராகத் திருப்பூருக்கு வந்தது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களுக்கு 1997-க்கு முந்தியவை சேலத்தில் இருக்கும். தருமபுரிப் பக்கத்து ஊர்களுக்கு 1965-க்கு முந்தியவையும் சேலத்தைச் சேர்ந்தவையே. பிரிவினையின்போது சில கோப்புகள் மாற்றப்பட்டிருக்கும், சில மாற்றப்படாமலே தங்கியிருக்கும் என்பதால், இரண்டு அலுவலகங்களிலும் கேட்பதே நல்லது.

நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். "அந்தத் தியேட்டர் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்" என்று எழுதினால் பயன் இருக்காது. தியேட்டரின் பெயர், தெரு, ஏறத்தாழ எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, உரிமத்தின் நகலா, இருக்கை வரைபடமா, கோப்பைப் பார்வையிட அனுமதியா என்பதைப் பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். கோப்பு காலாவதியாகி அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தாலும், அந்தப் பதிலையும் பாதுகாத்து வையுங்கள்.

கோப்பில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: முதல் உரிமம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது. டூரிங் டாக்கீஸ், அரை நிரந்தரக் கொட்டகை, நிரந்தரத் தியேட்டர் என்று மூன்று படிகள் உண்டு. பல ஊர்களில் இன்று நாம் பார்க்கும் காரைக் கட்டடத்துக்கு முன்னால் அதே மனையிலோ பக்கத்துக் காட்டிலோ கூடாரமோ கீற்றுக் கொட்டகையோ இருந்திருக்கும். இந்த வரிசைக்கு நம் பகுதியே முன்மாதிரி. கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்; 1905-ல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பிறகு 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டினார். அது பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறியது. ஆனால் அது நின்ற சாலை இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான். உங்கள் ஊர்த் தியேட்டருக்கும் இப்படிப் பெயர் மாறியிருக்கலாம். பெயர் மாற்றம் பெரும்பாலும் கைமாற்றத்தோடு சேர்ந்தே நடக்கும் என்பதால், அந்த ஆண்டைக் கண்டுபிடித்தால் உரிமையாளர் மாறிய ஆண்டும் பிடிபட்டுவிடும்.

மனையின் கதை

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுப்பது இந்த வேலையில் தவிர்க்கவே கூடாத படி. 1975-க்குப் பிந்திய பதிவுகளைப் பெரும்பாலும் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியவற்றுக்கு நேரில் மனுக் கொடுக்க வேண்டியிருக்கலாம். சர்வே எண் தெரியாவிட்டால் நகராட்சியின் சொத்துவரிப் பதிவேட்டிலிருந்தோ நகர நில அளவைப் பதிவேட்டிலிருந்தோ அதைப் பெறுங்கள்.

வில்லங்கச் சான்றில் வரும் வரிகளை ஒரு கதையைப் போலப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். அடமானம் வைத்த ஆண்டு, அநேகமாகக் கட்டடம் கட்டிய ஆண்டாகவோ குளிர்சாதனம் போட்ட ஆண்டாகவோ இருக்கும். அடமானம் தீர்ந்த ஆண்டு, வசூல் நன்றாக இருந்த காலம். பாகப்பிரிவினைப் பத்திரம் வந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். கொங்கு நாட்டுத் தியேட்டர்களில் பல, அண்ணன் தம்பிகளோ பங்காளிகளோ மில்லிலும் மண்டியிலும் சம்பாதித்த பணத்தைச் சேர்த்துப் போட்டுக் கட்டியவை. கட்டியவர்கள் இருந்தவரை ஒரே கையாக நடந்தது, அடுத்த தலைமுறையில் பல பங்காகும். வசூலில் கிடைக்கும் பங்கைவிட மனையை விற்றால் கிடைக்கும் பங்கு பல மடங்கு என்ற நிலை வந்த பிறகு, படம் நன்றாக ஓடினாலும் தியேட்டர் நிலைப்பதில்லை. "டிவி வந்து தியேட்டரைக் கெடுத்தது" என்று ஊரே சொல்லும் ஒரு தியேட்டர், உண்மையில் ஒரு பாகப்பிரிவினையால் மூடப்பட்டதாக இருக்கக்கூடும். ஆனால் குடும்பத்துக்குள் நடந்த வழக்கையோ மனத்தாங்கலையோ அவர்களுடைய சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. பத்திரத்தின் ஆண்டும் தன்மையும் போதும். பெயரும் தொகையும் வாசகருக்குத் தேவையில்லை.

வசூல் தாள் கையில் கிடைத்தால்

தியேட்டர்களில் ஒவ்வொரு நாளும் எழுதிய வசூல் கணக்கை டி.சி.ஆர். என்பார்கள். மேனேஜராக இருந்தவர் வீட்டுப் பரணிலோ விநியோகஸ்தரின் பழைய அலுவலகத்திலோ இவை கட்டுக்கட்டாகக் கிடைக்கலாம். ஒரு தாள் கிடைத்தாலும் பெரும் பேறு. அதில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் டிக்கெட்டின் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் விற்ற டிக்கெட் எண்ணிக்கை. அதைக் கட்டணத்தால் பெருக்கி, கேளிக்கை வரியைக் கழித்து, மிஞ்சிய நிகர வசூலிலிருந்து விநியோகஸ்தரின் பங்கைப் பிரித்திருப்பார்கள். பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படத்துக்கான வாடகையும் ஒரு வரியாக நிற்கும். படத்துக்கு முன் அதைக் காட்டுவது அக்காலத்தில் கட்டாயமாக இருந்தது.

இந்தத் தாளில் மொத்தத் தொகையைவிட வகுப்பு வாரியான எண்ணிக்கைதான் முக்கியம். தரை டிக்கெட்டும் பெஞ்சும் நிரம்பிப் பால்கனி காலியாக இருந்தால் கூலிக்காரர்களின் படம் ஓடியிருக்கிறது. பகல் காட்சியில் பெண்கள் பகுதி நிரம்பியிருந்தால் வேறு வகைப் படம் ஓடியிருக்கிறது. அடுத்து, கிழமையைப் பாருங்கள். பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை கூடும் செவ்வாயும் வியாழனும், திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் சம்பள நாளான சனிக்கிழமை, கோயம்புத்தூரில் மில் ஷிப்டு முடியும் நேரம், ஈரோட்டில் ஜவுளிச் சந்தைக்கு வெளியூர் வியாபாரிகள் வந்து தங்கும் நாள் ஆகியவற்றோடு எண்களை ஒட்டிப் பார்த்தால், ஊரின் கூலி எந்தக் கிழமையில் கைக்கு வந்து எந்தக் கிழமையில் செலவாயிற்று என்பது தாளிலேயே தெரியும். மில்கள் மூடிய ஆண்டுகளின் தாள்கள் உங்களுக்குக் கிடைத்தால், இரண்டாம் ஆட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் தனியாக எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். ஷிப்டு முடித்து வந்தவர்கள் இல்லாமல் போன பிறகு, முதலில் காலியானது அந்த ஆட்டம்தான் என்பது என் கருத்து. உங்கள் ஊர்த் தாள் அதை மறுத்தால் தாளையே நம்புங்கள்.

படம் எந்த ஏற்பாட்டில் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மினிமம் கேரண்டி (படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் விநியோகஸ்தருக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை), அட்வான்ஸ் (வசூலில் கழித்துக்கொள்ளும் முன்பணம்), சதவீதம் (வசூலில் பங்கு) என்று மூன்று வகையாகப் படம் எடுப்பார்கள். மினிமம் கேரண்டியில் எடுத்த படம் தோற்றால் நட்டம் முழுவதும் தியேட்டர்காரருக்கு. ஒரு தீபாவளிப் படத்தால் கடன்பட்டு எழுந்திருக்க முடியாமல் போன கதையை உங்கள் ஊரிலும் கேட்பீர்கள். வில்லங்கச் சான்றில் அந்த ஆண்டை அடுத்து ஓர் அடமானம் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

விநியோகத்தில் கோவை ஏரியா என்றால் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நீலகிரி. சேலம் ஏரியா என்றால் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி. பிலிம் பிரிண்ட் விலை மிகுந்தது என்பதால் ஓர் ஏரியாவுக்குச் சில பிரிண்டுகளே வரும். பெரிய ஊர்களில் ஓடி முடிந்த பிறகே அடுத்த ஊருக்குப் பெட்டி போகும். ரிலீஸ் தியேட்டர், செகண்ட் ரன் தியேட்டர் என்ற பிரிவு அதிலிருந்து பிறந்தது. 2010-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் பிலிம் போய் டிஜிட்டல் வந்ததும், பிரிண்ட் செலவு இல்லாமல் எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் படம் வெளியாகத் தொடங்கியது. சிற்றூர்களுக்கு இது நன்மை. ஆனால் இரண்டாவதாகப் படம் காட்டியே பிழைத்த நகரத்துப் பழைய தியேட்டர்களுக்கு அன்றோடு வேலையே இல்லாமல் போயிற்று. உங்கள் தியேட்டர் இவற்றில் எந்த வகை என்று தெரியாமல் அதன் கடைசிக் காலத்தை எழுத முடியாது.

பேசக் கேட்பது

ஆபரேட்டர், கவுண்டரில் டிக்கெட் கிழித்தவர், போஸ்டர் ஒட்டியவர், சைக்கிள் ஸ்டாண்டு எடுத்தவர், இடைவேளையில் முறுக்கும் சோடாவும் விற்றவர், எதிரே டீக்கடை வைத்தவர் என்று தேடிப் போங்கள். உரிமையாளர் குடும்பத்தைக் கடைசியில் பாருங்கள். மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் அவர்களிடம் கேட்க நல்ல கேள்விகள் இருக்கும். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். கணவரும் மகனும் பக்கத்தில் இருந்தால், யாரோடு போனோம், எந்தக் காட்சிக்கு அனுப்பினார்கள், எப்போது போவதை நிறுத்தினோம் என்பதை அவர்கள் முழுதாகச் சொல்வதில்லை. ஒரு தியேட்டருக்குக் குடும்பங்கள் வருவது எந்த ஆண்டு நின்றது என்பது பெண்களுக்கே சரியாகத் தெரியும். காலைக் காட்சியில் என்ன படம் போடத் தொடங்கினார்கள், அதனால் அந்த வழியில் நடப்பதையே எப்போது தவிர்த்தோம் என்பதை அவர்கள் மறப்பதில்லை.

ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். "எந்த வருசம்?" என்றால் தடுமாறுகிற பெரியவர், "மூத்த பொண்ணு பொறந்த தீபாவளிக்கு என்ன படங்க ஐயா ஓடுச்சு?" என்றால் உடனே சொல்வார், படத்தின் வெளியீட்டு ஆண்டை நீங்கள் தனியே கண்டுகொள்ளலாம். "ஏனுங்க அண்ணா, சந்தை அன்னிக்கு ராத்திரி ஆட்டத்துக்குக் கூட்டம் எப்படிங்க இருக்கும்? எந்தெந்த ஊர்க்காரங்க வருவாங்க? கடைசி பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?" என்று அவர்கள் பேசும் பேச்சிலேயே கேளுங்கள். கடைசிப் பேருந்தைப் பற்றிய அந்தக் கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்காமல் விடாதீர்கள். பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே மாறிய ஊர்களில், பழைய நிலையத்தை ஒட்டிய தியேட்டர்களுக்கு மாலைக் கூட்டம் எப்படிக் குறைந்தது என்பது அதிலிருந்தே புலப்படும். சேலத்தைப் போலப் பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம் என்று இரண்டு உள்ள ஊராக இருந்தால், ஊர் வரைபடத்தில் தியேட்டர்களைக் குறித்து, எந்த நிலையத்தைச் சுற்றி எந்தக் காலத்தில் எத்தனை இருந்தன என்று வண்ணம் தீட்டிப் பாருங்கள்.

ஆபரேட்டரிடம் பேசும்போது இயந்திரம் இருக்கும் அறைக்கே அழைத்துப் போக முடிந்தால் நல்லது. கை நினைவு வைத்திருப்பதை வாய் சொல்லாது. ஆயிரம் அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். ஒரு சுருள் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டம் தோன்றி மறையும். அதைக் கண்டதும் அடுத்த இயந்திரத்தின் மோட்டாரை ஓடவிட வேண்டும். சில நொடிகளில் இரண்டாவது வட்டம் வந்ததும் ஒன்றை மூடி மற்றொன்றைத் திறக்க வேண்டும். கூடத்தில் இருப்பவர்களுக்கு மாற்றமே தெரியக் கூடாது. தெரிந்தால் விசில் பறக்கும். ஒரு படத்துக்குள் இதை எத்தனையோ முறை செய்துகொண்டே கார்பன் குச்சியையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்த ஒருவரின் வேலைத்திறம், டிஜிட்டல் வந்த பிறகு ஊரில் யாருக்கும் தேவைப்படாமல் போயிற்று. அவர் செய்து காட்டுவதை வீடியோ எடுங்கள். அவருடைய ஆபரேட்டர் லைசென்ஸ் வீட்டில் இருந்தால் அதன் நகலையும் கேட்டுப் பெறுங்கள். இந்த மனிதர்களைப் பற்றி எழுதாமல் நடிகர்களைப் பற்றி மட்டும் எழுதிய தியேட்டர் வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சரிபார்ப்பும் எழுதும் முறையும்

நூறு நாள், வெள்ளிவிழா என்று சொல்லப்படுவதை நாளிதழ் விளம்பரத்தோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது. வெள்ளிவிழா என்றால் 25 வாரம், அதாவது 175 நாள். ஒரு தியேட்டரிலிருந்து வேறொன்றுக்கு மாற்றி ஓட்டிய நாட்களையும், பகல் காட்சி மட்டும் ஓட்டிய நாட்களையும் கூட்டிச் சொல்வது வழக்கம். பழைய நாளிதழ்களையும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பார்க்கலாம். பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் உள்ளூர்த் தியேட்டரின் முத்திரையோ ஊர்க் கடையின் விளம்பரமோ இருந்தால் விடாமல் நகலெடுங்கள்.

இவையெல்லாம் சேர்ந்த பிறகு, ஒரு நீளத் தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, மேலே தியேட்டரில் நடந்தவற்றையும் கீழே ஊரில் நடந்தவற்றையும் குறியுங்கள். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1930-களில் கோயம்புத்தூருக்கு வந்து மில்கள் பெருகியது, 1993-ல் தமிழில் தனியார் தொலைக்காட்சி தொடங்கியது, 2006-ல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது தியேட்டர்கள் சில நாள் மூடிக் கிடந்தது, 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடி நவம்பரில் பாதி இருக்கையோடு திறந்தது ஆகியவை எல்லா ஊருக்கும் பொதுவானவை. இவற்றோடு உங்கள் ஊருக்கே உரிய மில் மூடல், பேருந்து நிலைய மாற்றம், புதிய பாலம், வேறு தியேட்டர் திறப்பு ஆகியவற்றைச் சேருங்கள். மேலேயும் கீழேயும் ஒரே ஆண்டில் இரண்டு குறிகள் விழுந்திருக்கும் இடங்கள்தான் உங்கள் கட்டுரையின் அத்தியாயங்கள். ஒரே ஆண்டில் நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதால், இரண்டையும் இணைத்துச் சொல்லும் ஒரு வசூல் தாளோ ஒரு வாய்மொழியோ இல்லாத இடத்தில் "அதே ஆண்டில்" என்று எழுதுங்கள். "அதனால்" என்று எழுத வேண்டாம்.

எழுதி முடித்ததும் அச்சுக்கோ இணையத்துக்கோ கொடுக்கும் முன், பேசியவர்களிடம் அவரவர் சொன்ன பகுதியை வாசித்துக் காட்டி, நீக்கச் சொன்னதை நீக்கிவிடுங்கள். பிறகு ஒரு படியை மாவட்ட மைய நூலகத்திலும், ஒரு படியை ஊர்க் கிளை நூலகத்திலும், ஒலிப்பதிவுகளின் நகலை இரண்டு வெவ்வேறு இடங்களிலும் சேருங்கள். ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் ஊர், தியேட்டர், எடுத்த தேதி, எந்தப் பகுதி என்ற நான்கும் இருக்கட்டும். ஆபரேட்டரின் குடும்பத்துக்கு வீடியோவின் ஒரு நகலைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.